காணாமற்போன பிள்ளை பற்றி இருபத்து மூன்று கருத்துகள்

நெல்லிக்குறிச்சி நூலகத்து மாடியில் மாதத்தின் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கூடுகிற வாசகர் வட்டம், அந்த மாதத்துக்கென்று எடுத்துக்கொண்ட ‘தேக்கங்காட்டில் ஒன்பது நாள்’ என்னும் மர்ம நாவலைப் பற்றிக் காரசேவும் கருத்துமாகப் பேசிக்கொண்டிருந்தபோது, காட்டில் தொலைந்துபோன எட்டு வயதுப் பிள்ளை ஆறாம் நாள் வரை உயிரோடு இருப்பது நம்பும்படி இல்லை என்று ஒருவர் சொல்லி வாயை மூடுவதற்குள், அந்தப் பிள்ளையே மாடிப்படி ஏறி வந்து வாசலில் நின்றது. மஞ்சள் கவுன், இடது காலில் மட்டும் செருப்பு, தலைமயிரில் ஒட்டிய தேக்குச் சருகு என்று, பதினோராம் அத்தியாயத்தின் கடைசி வரியில் எப்படி விட்டிருந்ததோ அப்படியே வந்திருந்தது. யாரும் அலறவில்லை, யாரும் எழுந்திருக்கவுமில்லை. தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவரும் வட்டத்தின் தலைவருமான ஆவுடைநாயகம், பிரார்த்தனைக்குப் பிந்தி வந்த மாணவியைப் பார்க்கிற பார்வையில் அதைப் பார்த்துவிட்டு, செருப்பை வெளியே கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே வந்து உட்காரும்படி சொன்னார். பிள்ளை அந்த ஒரு செருப்பையும் மற்றவர்களின் செருப்புகளோடு ஒழுங்காக வரிசையில் வைத்துவிட்டு, காலியாக இருந்த ஒரே நாற்காலியில் ஏறி உட்கார்ந்தது. வருகை இருபத்து மூன்று, சிறப்பு வருகை ஒன்று என்று தீர்மான நோட்டில் எழுதிக்கொண்டார்கள்.

அந்தக் காலி நாற்காலி தையல்காரி உலகம்மாளின் நாற்காலிக்குப் பக்கத்தில் இருந்தது. உலகம்மாளுக்கு நாற்பத்தாறு வயசு. பேருந்து நிலையத்துக்கு எதிரே, மாவு மில்லுக்கும் போட்டோ ஸ்டுடியோவுக்கும் நடுவில் கடை போட்டு, ஊரில் பாதிப் பேருடைய ரவிக்கை அளவை மனப்பாடமாக வைத்திருந்தவள், பொத்தானுக்குக் காஜா எடுக்கிற நேரத்தில்கூட மடியில் ஒரு புத்தகத்தை விரித்து வைத்துக்கொள்வாள். வட்டத்தில் சேர்ந்து மூன்று வருஷத்தில் அவள் ஒரு நாவலைப் பற்றியும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்வதற்கு இல்லாமல் இல்லை. மற்ற இருபத்திரண்டு பேரும் சொல்லி முடிக்கும்போது நூலகத்தைப் பூட்டுகிற நேரம் ஆகிவிடும்.

அன்றைக்கு அடுத்த ஒன்றரை மணி நேரமும் பிள்ளையைப் புத்தகத்தோடு ஒத்துப் பார்ப்பதில் போயிற்று. எழுபத்து நான்காம் பக்கத்தில் சிராய்ப்பு இடது முழங்காலில் என்று இருக்க, பிள்ளைக்கோ வலது முழங்காலில் இருந்தது. உலகம்மாளின் கையிலிருந்த பிரதியையும் வாங்கிப் பார்த்தார்கள், அதிலும் இடதுதான். அச்சுப் பிழையா பிள்ளையின் பிழையா என்று நெடுநேரம் விவாதித்து, பிள்ளையின் பிழை என்று ஒருமனதாக முடிவு கட்டினார்கள். வனத்துறையில் ரேஞ்சராக இருந்து ஓய்வு பெற்ற வேதமாணிக்கம், பிள்ளையின் முகத்துக்கு நேரே குனிந்து, மழை பெய்கிற காட்டில் இந்த வயசுப் பிள்ளை மூன்று நாளுக்குமேல் தாங்காது, இது முப்பது வருஷ அனுபவத்தில் சொல்கிறேன் என்று பொறுமையாக விளக்கினார். பிள்ளை மரியாதையாகத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டது. கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தராக இருக்கிற சிதம்பரதாணு, நாவல்களுக்குச் செல்போனில் நட்சத்திரம் போடுகிறவர், இதுவரை எந்த நாவலுக்கும் மூன்றுக்கு மேல் போடாதவர், காட்டில் இருட்டிய பிறகு எப்படி இருந்தது, பயமாக இருந்ததா என்று கேட்டார்.

“பசியா இருந்துச்சு,” என்றது பிள்ளை.

நாவலில் பயத்துக்கு நாற்பது பக்கமும் பசிக்கு மூன்று வரியும் ஒதுக்கப்பட்டிருந்ததால், இந்தக் கதாபாத்திரம் தன்னுடைய கதையையே சரிவர உள்வாங்கவில்லை என்று அவர் குறிப்பு எழுதிக்கொண்டார். உலகம்மாள் தன் பங்குக் காரசேவுக் காகிதத்தைப் பிள்ளையின் மடியில் வைத்தாள். பிள்ளை அதை முடித்து, தலைவரின் பங்கையும் முடித்து, தண்ணீர் குடித்து, ஏப்பம் விட்டு, பிறகு இருபத்து மூன்று முகங்களையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, எங்கம்மா எங்கே என்று கேட்டது. வட்டத்துக்கு அது சுலபமான கேள்வியாக இருந்தது. நாலைந்து பேர் பக்கம் புரட்டி, அம்மா பதினான்காம் அத்தியாயத்தில் வருகிறாள் என்று ஒரே குரலில் சொன்னார்கள்.

கூட்டம் கலைகிறபோது பிள்ளையை யார் வீட்டுக்குக் கூட்டிப்போவது என்கிற பேச்சு வந்தது. காவல் நிலையத்துக்குத்தான் முதலில் போனார்கள். அங்கே இருந்த ஏட்டையா நாவலின் இரண்டாம் அத்தியாயத்தைப் படித்துப் பார்த்துவிட்டு, காணவில்லை என்கிற புகார் ஏற்கெனவே கதைக்குள் இருக்கிற காவல் நிலையத்தில் பதிவாகியிருக்கிறது, ஒரு பிள்ளைக்கு இரண்டு புகார் வாங்க முடியாது என்று நியாயமாகச் சொன்னார். அதோடு, அந்தக் கதையில் வருகிற இன்ஸ்பெக்டரை இவ்வளவு மக்காகக் காட்டியிருக்க வேண்டியதில்லை என்கிற தன் கருத்தையும் தெரிவித்தார். வேதமாணிக்கம் வீட்டில் வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்கள். ஆவுடைநாயகத்துக்கு, தலைவர் ஒரு கதாபாத்திரத்தைத் தன் வீட்டில் வைத்துக்கொண்டால் நடுநிலைமை கெட்டுவிடும் என்கிற சங்கடம் இருந்தது. கடைசியில், கவுன் கிழிந்திருக்கிறது, தைக்க வேண்டும் என்று ஒருவர் கண்டுபிடித்துச் சொல்ல, எல்லோரும் நிம்மதியாக உலகம்மாளைப் பார்த்தார்கள்.

அப்படியாகச் சுபிதா உலகம்மாள் வீட்டுக்கு வந்தாள். புத்தகத்தில் அதுதான் அவள் பெயர். அப்பா வெளிநாட்டில் இருக்க, தெருக்காரர்களோடு வேன் பிடித்து அம்மாவும் மகளும் அருவி பார்க்கப் போய், பட்டாம்பூச்சி ஒன்றின் பின்னாலே போன மகள் திரும்பவில்லை என்பது கதை; ஒன்பதாம் நாள் ஒரு பாறைமேல் படுத்திருக்கிற பிள்ளையின் காதில் ஜீப் சத்தம் கேட்கிறது, அது ஜீப்பா அல்லது சாவா என்று சொல்லாமலே நாவல் முடிந்துவிடுகிறது. உலகம்மாளின் கணவன் செண்பகக்குற்றாலம் லோடு ஆட்டோ ஓட்டுகிறவன், வாழ்க்கையில் ஒரு புத்தகமும் வாசித்தவனில்லை. அவன் பிள்ளையைப் பார்த்ததும் யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்டான். நாவலிலிருந்து வந்திருக்கிறது என்று உலகம்மாள் சொன்னாள். அவன் சரி என்று சொல்லிவிட்டு, இட்லிப் பானையில் இன்னொரு தட்டு வைக்கச் சொன்னான்.

மறுநாளிலிருந்து தையல் கடைக்கு முன்னால் ஊர் வரிசை கட்டியது. பள்ளிக்கூடத்து ஆசிரியைகள் வந்து, இந்தக் காலத்துப் பிள்ளை எட்டு வயதில் இவ்வளவு அமைதியாக இருக்குமா என்று பார்த்துவிட்டுப் போனார்கள். மருந்துக்கடைக்காரர் வந்து, ஆறு நாள் காட்டுத் தண்ணீர் குடித்த வயிறு இப்படி இருக்காது என்று அமுக்கிப் பார்த்துச் சொன்னார். சுபிதா என்கிற பெயர் அந்தச் சாதி சனத்தில் வைக்கமாட்டார்கள் என்று ஒருவரும், அந்தச் சாதி எது என்று நாவலில் எங்கே சொல்லியிருக்கிறது என்று இன்னொருவரும் மாவு மில் வாசலில் அரை நாள் சண்டை போட்டார்கள். நாவலை வாசிக்காதவர்களும் கருத்துச் சொன்னார்கள், அவர்களுடைய கருத்துத்தான் உறுதியாக இருந்தது. பெற்ற தாய் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பாள், அதுதான் பிள்ளை போனது தெரியவில்லை என்று ரவிக்கை வாங்க வந்த பெண்கள் ஒருவர் தவறாமல் சொன்னார்கள்; நாவலில் தாயிடம் செல்போனே கிடையாது. போட்டோ ஸ்டுடியோக்காரர் தேக்கமரங்கள் வரைந்த ஒரு திரையைத் தொங்கவிட்டு, பிள்ளையைப் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுத்துக்கொள்ள ஏற்பாடு செய்தார். அழுவது மாதிரி நின்றால் நன்றாக வரும் என்றார். இத்தனைக்கும் நடுவில் சுபிதா உலகம்மாளின் பொத்தான் டப்பாவைக் கொட்டி, நிறம் நிறமாகப் பிரித்து அடுக்கி, கலைத்து, மறுபடியும் அடுக்கிக்கொண்டிருந்தாள். வருகிற ஒவ்வொரு ஆளிடமும் எங்கம்மா எங்கே என்று கேட்டாள். முதல் இரண்டு நாள் அது உருக்கமாக இருக்கிறது என்றார்கள். மூன்றாம் நாள், கூறியது கூறல் என்றார்கள்.

பிள்ளை வெளியேறிவிட்டதால் புத்தகம் சும்மா இருக்கவில்லை. ஊரில் இருந்த எல்லாப் பிரதிகளிலும் பதினோராம் அத்தியாயத்துக்குப் பிறகு சுபிதா இல்லை. அவள் படுத்திருந்த பாறை இருந்தது, பாறைமேல் மழை பெய்தது, பட்டாம்பூச்சி போய் வந்தது. மீதிப் பக்கம் முழுக்கத் தாய் மட்டும் காட்டுக்குள் நடந்து நடந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். செவ்வாய்க்கிழமை தாயும் போய்விட்டாள் என்று சிதம்பரதாணு வட்டத்தாருக்கெல்லாம் செல்போனில் செய்தி அனுப்பினார்: முக்கியக் கதாபாத்திரம் வெளியேறியது முதல் குறை, ஒரே பெயரைப் பதினெட்டுப் பக்கத்துக்குக் கூப்பிட்டது இரண்டாவது குறை, துணைக் கதாபாத்திரமும் காரணமில்லாமல் கைவிடப்பட்டது மூன்றாவது குறை, ஆகவே ஏற்கெனவே கொடுத்த இரண்டு நட்சத்திரத்தில் ஒன்றைத் திரும்பப் பெறுகிறேன். உலகம்மாளும் அந்தச் செய்தியைப் பார்த்தாள். ஆனால் அவளுடைய பிரதி முழங்கால் ஆராய்ச்சிக்காகத் தலைவரிடமே தங்கிவிட்டிருந்தது, கேட்டபோதெல்லாம் அவர் ஓரக் குறிப்பு எழுதிக்கொண்டிருப்பதாகச் சொன்னார். அவளும் பள்ளிச் சீருடைத் தையலில் மூழ்கிவிட்டாள். தாய் போய்விட்டாள் என்றால் எங்கே போனாள் என்று கேட்கத் தோன்றாமல் போயிற்று. அதை நினைத்துப் பின்னால் அவள் வெட்கப்பட்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாவலாசிரியரே வந்து இறங்கினார். இருள்நேயன் என்கிற பெயரில் எழுதிய அவர், பெயருக்குக் கொஞ்சமும் பொருந்தாமல், சின்ன உருவமும் வெளுத்த சட்டையுமாக, வெளியூரில் பம்ப் செட் உதிரிபாகக் கடை ஒன்றில் பில் போடுகிறவராக இருந்தார். பிள்ளைக்கென்று ஒரு சாக்லேட் கொண்டுவந்திருந்தார், ஆனால் அதைக் கொடுக்கும்போது பிள்ளையின் முகத்தைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தார். அவரோடு பதிப்பாளரும் வந்திருந்தார். இரண்டாம் பதிப்பு அச்சுக்குப் போகக் காத்திருக்கிறது, பிள்ளை இல்லாமல் எப்படிப் போடுவது என்பது அவருடைய கவலை. மாடியில் வட்டம் கூடியது. முடிவை வேண்டுமென்றேதான் வாசகர் கையில் விட்டேன் என்று இருள்நேயன் ஆரம்பித்தபோது, சுபிதா அவர் சட்டை நுனியைப் பிடித்து இழுத்து, எங்கம்மா எங்கே என்று கேட்டாள்.

அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். “எனக்குத் தெரியாதும்மா,” என்றார் மெல்ல. “உங்கம்மா அழுற வரைக்கும்தான் நான் யோசிச்சேன். அதுக்குமேல நான் யோசிக்கல.”

அது உண்மையான பதில் என்று உலகம்மாளுக்குப் பட்டது. வட்டத்துக்கோ அது தப்பித்தல்வாதமாகப் பட்டது. இரண்டு மணி நேரம் கருத்துகள் நடந்தன. பிள்ளை சாக வேண்டும், அப்போதுதான் நாவலுக்கு ஒரு கனம் வரும், வாழ்க்கை என்பது அதுதான் என்று ஆவுடைநாயகம் கண்கலங்கப் பேசினார். பேசிக்கொண்டே, பிள்ளை குறுக்கே போகக்கூடாது என்று அதைத் தூக்கித் தன் பக்கத்திலேயே உட்கார வைத்துக்கொண்டார். சாகட்டும், ஆனால் மூன்றாம் நாளே சாகட்டும் என்று வேதமாணிக்கம் ஒரு திருத்தம் கொண்டுவந்தார். பிள்ளை கிடைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் மனசு கேட்காது என்று சிலர் முனகினார்கள், அது பத்திரிகைத் தொடர்கதைப் புத்தி என்று மற்றவர்கள் அடக்கினார்கள். கை தூக்கி எண்ணியபோது சாக வேண்டும் என்றவர்கள் பதினாலு பேர், கிடைக்க வேண்டும் என்றவர்கள் ஏழு பேர், ஆவியாக அலையலாம் என்றவர் ஒருவர். உலகம்மாளின் இரண்டு கையும் மடியிலேயே இருந்தன. எதிலும் சேராதவர் ஒருவர் என்று எழுதிக்கொண்டார்கள். பெரும்பான்மைக் கருத்துப்படி, அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்கு இதே மாடியில், பொன்னாடை மரியாதைக்குப் பிறகு, சுபிதா தேக்கங்காட்டுக்குத் திரும்பிப் போனாள் என்று ஆசிரியர் எழுதுவார், எழுதியதும் அவள் போய்விடுவாள், மிச்சத்தைத் தீர்மானத்தின்படி முடித்துத் தருவார் என்று ஏற்பாடாயிற்று. இருள்நேயன் மறுக்கவில்லை. முதல்முறையாக இத்தனை பேர் அவருடைய நாவலை முழுக்க வாசித்திருந்தார்கள்.

அந்த வாரம் உலகம்மாளுக்கு ஊசி விரலில் இரண்டு தடவை ஏறியது. பிள்ளைக்குக் கிழிந்த கவுனைத் தைத்துக் கொடுத்து, அதற்கு மேல் இரண்டு புதுக் கவுனும் தைத்திருந்தாள். மூன்றாவதுக்குத் துணி வெட்டிவிட்டு, ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு இது யாருக்கு என்று கத்திரியும் கையுமாக நின்றாள். புதன்கிழமை காலையில் தலைவர் வீட்டுக்கே போய், ஓரக் குறிப்பு முடிந்தாலும் முடியாவிட்டாலும் புத்தகத்தைத் தாருங்கள் என்று கேட்டு வாங்கி வந்தாள். கடையில் உட்கார்ந்து கடைசிப் பக்கத்திலிருந்து பின்னோக்கிப் புரட்டினாள். வெறும் மழை, வெறும் பாறை, பிறகு பெயர் சொல்லிக் கூப்பிடுகிற பக்கங்கள். அந்தப் பக்கங்கள் முடிகிற இடத்தில் ஒரே ஒரு வரி இருந்தது. உள்ளே எங்கு தேடியும் இல்லை என்று கண்டதும், தாய் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, வழுக்குப்பாறை செக்போஸ்ட் வழியாக வெளியே போனாள். அந்த வரிக்குப் பக்கத்தில் ஆவுடைநாயகம் பென்சிலால், தெளிவில்லை, எதற்கு வெளியே, என்று எழுதியிருந்தார்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்த கணவனுக்கு அவள் அந்த வரியை வாசித்துக் காட்டினாள். இதில் வருகிற இடங்கள் எல்லாம் கற்பனை என்று முதல் பக்கத்திலேயே போட்டிருக்கிறது என்றும் சொன்னாள். செண்பகக்குற்றாலம் ரசத்தைப் பிசைந்துகொண்டே நிமிர்ந்தான்.

“வழுக்குப்பாறையா? போன மாசம் அங்கதான பலாப்பழம் ஏத்தப் போனேன். செக்போஸ்டுக்குப் பக்கத்துல ஒரு டீக்கடை கெடக்கு. கீழ எறங்குறதுக்கு அந்த ஒரு ரோடுதான்.”

அவனுக்கு ஒன்று மட்டும் விளங்கவில்லை. பிள்ளையைக் காணோம் என்று தாய் வெளியே வந்துவிட்டாள் என்று புத்தகத்திலேயே எழுதியிருக்கிறது, அதை இத்தனை படித்தவர்கள் வாசித்திருக்கிறார்கள், பிறகு ஏன் ஒருவர்கூடப் போய்ப் பார்க்கவில்லை என்று கேட்டான். உலகம்மாள் அவன் இலையில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள். நாளைக்குக் காலையில் வண்டிக்கு லோடு இல்லை என்றான் அவன்.

வியாழக்கிழமை விடிந்து வெயில் ஏறுகிற நேரத்தில் மூன்று பேரும் லோடு ஆட்டோவில் கிளம்பினார்கள். இந்தக் காரியத்துக்காக வட்டம் பிறகு உலகம்மாளுக்கு ஒரு கண்டனக் கடிதம் அனுப்பியது. ஒரு வாசகர் கதையின் போக்கில் கை வைப்பது வாசிப்பு அறத்துக்கு விரோதமானது என்றும், பெரும்பான்மையின் முடிவை மதிக்காதது ஜனநாயகத்துக்கு விரோதமானது என்றும், எல்லாவற்றுக்கும் மேலாகப் பொன்னாடை வாங்கியாகிவிட்டது என்றும் அதில் இருந்தது; சிதம்பரதாணு தனியாக உலகம்மாளுக்கு ஒரு நட்சத்திரம் போட்டிருந்தார். ஆனால் அன்றைக்குக் காலையில் அதெல்லாம் அவளுக்குத் தெரியாது. மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டு, தோப்பும் செங்கல் சூளையும் பின்னால் போக, மலை கிட்டே வர வர, வட்டத்துக்காரர்கள் சொன்ன மாதிரி இடமே இல்லாமல் போய்விட்டால் என்ன செய்வது என்று பயந்துகொண்டு வந்தாள். சுபிதா பயப்படவில்லை. வண்டி முதல் வளைவில் திரும்பியபோதே, இந்தப் பாலத்துல நாங்க போட்டோ எடுத்தோம் என்று கை நீட்டிக் காட்டினாள்.

வழுக்குப்பாறை செக்போஸ்டில் ஒரு மூங்கில் தடுப்பும், தகரம் போட்ட அறையும், எதிரே டீக்கடையும் இருந்தன. கடை பெஞ்சில் ஈரத் துணிகள் காய்ந்தன. கடைக்காரப் பெண் உலகம்மாளிடம் விஷயத்தைச் சொன்னாள், சொன்னபோதும் கைவேலையை நிறுத்தவில்லை. ஒன்பது நாளுக்கு முன்னால், செவ்வாய்க்கிழமை, காட்டுப் பக்கமிருந்து ஒரு பொம்பளை வந்தாள். பிள்ளையைக் காணோம் என்றாள். எந்த ஊர், எந்தக் கதை என்று இங்கே யாரும் கேட்கவில்லை. பிள்ளை என்ன நிறத்தில் உடுப்புப் போட்டிருந்தது என்று மட்டும் வனத்துறை வாச்சர் பூதத்தான் கேட்டான். மஞ்சள் என்றாள். உடனே அவனும் இன்னும் நாலு வாச்சர்களும் கம்பையும் விசிலையும் எடுத்துக்கொண்டு உள்ளே போனார்கள். அன்றிலிருந்து ஒருநாள் விடாமல் போகிறார்கள், மலைக்கு மேலே தேனெடுக்கிற ஆட்களும் சேர்ந்துகொண்டார்கள், அருவிக்குக் கீழே ஒவ்வொரு பாறையிடுக்காகப் பார்த்துவிட்டார்கள், ஒருவனுக்குக் கால் பிசகிவிட்டது. அந்தப் பொம்பளையும் கூடவே போய் வருகிறாள், இருக்கச் சொன்னால் இருக்கமாட்டேன் என்கிறாள், பெயர் ஜெயக்கொடி, கடையில்தான் படுத்துக்கொள்கிறாள். ஒரு புத்தகத்தில் இருநூறு பக்கத்துக்குத் தாய், தாய் என்று மட்டுமே சொல்லப்பட்டவளுக்கு ஒரு பெயர் இருந்ததை உலகம்மாள் அப்போதுதான் கேள்விப்பட்டாள்.

கேட்டு முடிப்பதற்குள், பாதையில் விசில் சத்தம் கேட்டது, அதற்குப் பின்னால் ஆட்கள் வந்தார்கள். முழங்கால் வரை சேறு. நடுவில் ஒரு பெண், கம்பு ஊன்றி, தொண்டை போன குரலில் இன்னும் கூப்பிட்டுக்கொண்டே வந்தாள். கூப்பிடுவதை நிறுத்தும்படி அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. சுபிதா உலகம்மாளின் கையை உதறிவிட்டு ஓடினாள். ஜெயக்கொடி கம்பைப் போட்டாள். ஓடி வந்த பிள்ளையின் முதுகில் ஓங்கி ஓர் அடி வைத்தாள், இன்னோர் அடிக்குத் தூக்கிய கை அப்படியே பிள்ளையின் பிடரியைச் சுற்றிக்கொள்ள, சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டாள். பூதத்தான் விசிலை வாயிலிருந்து எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அந்தப்பக்கம் திரும்பி நின்றான். டீக்கடைக்காரி பாலை அடுப்பில் ஏற்றினாள்.

கொஞ்ச நேரம் கழித்து ஜெயக்கொடி எழுந்து, பிள்ளையின் தலை, காது, கை, வலது முழங்கால் என்று ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள். முழங்காலில் பொருக்கு உதிர்ந்து புதுத்தோல் வந்திருந்தது. தலையில் எண்ணெய் வைத்து வாரியிருந்தது. உடம்பில் தான் வாங்கிக் கொடுக்காத புதுக் கவுன் இருந்தது. அந்தக் கவுனின் விளிம்பை விரலால் உருட்டி, தையலைப் பார்த்து, பிறகு நிமிர்ந்து உலகம்மாளைப் பார்த்தாள். பிள்ளை உங்களிடமா இருந்தது என்று கேட்டாள். ஆமாம் என்றாள் உலகம்மாள். எத்தனை நாளாக என்று கேட்டாள். பதினோரு நாள் என்றாள்.

“பதினோரு நாளா,” என்றாள் ஜெயக்கொடி. கோபமாகக்கூடச் சொல்லவில்லை, அதற்குத் தொண்டை இல்லை. “பதினோரு நாளும் என்னக்கா செஞ்சீங்க?”

உலகம்மாளுக்குச் சொல்வதற்கு நிறைய இருந்தது. சோறு போட்டேன் என்று சொல்லியிருக்கலாம். தலை வாரினேன், காயத்துக்கு மஞ்சள் வைத்தேன், இரண்டு புதுக் கவுன் தைத்தேன், சாக வேண்டும் என்று கை தூக்கியவர்களோடு நான் சேரவில்லை என்று சொல்லியிருக்கலாம். எல்லாம் நடந்ததுதான். ஆனால் சேறு காயாத அந்த ஆட்கள் கண்ணாடி டம்ளரும் கையுமாக அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், அவர்களில் ஒருவன் ஒரு காலைத் தூக்கிப் பிடித்து நின்றான்.

“அவளப் பத்திப் பேசிக்கிட்டு இருந்தோம்மா,” என்றாள் உலகம்மாள்.

ஜெயக்கொடி கவுனின் விளிம்பை விட்டாள். பிள்ளையின் கையை வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்றிக்கொண்டு, ஓர் எட்டு நகர்ந்து, பிள்ளைக்கும் உலகம்மாளுக்கும் நடுவில் வந்து நின்றாள்.